ஏற்காடு ஏத்தத்துல சேத்தக் 2 ஸ்ட்ரோக் இழுக்கல: போர்ட் வெட்டலாமா, போர் போடலாமா?

அஸ்தம்பட்டி_சேத்தக்:

வணக்கம்ங்க. வண்டி பஜாஜ் சேத்தக், 145 சிசி, 2 ஸ்ட்ரோக், பாயிண்ட் செட் (பொறி வரவைக்கற தொடுமுனை) இக்னிஷன். தனியா போனா பரவாயில்ல. பின்னாடி ஆள் உக்காந்தா அடிவாரம் தாண்டினதுமே மூணாவது கியர் செத்துடுது. ரெண்டாவதுலயேதான் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுது. ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கினாலும் ஒரு அளவுக்கு மேல இன்ஜின் சுத்த மாட்டேங்குது. லேத்துல, எக்ஸாஸ்ட் போர்ட்டை (சிலிண்டர்ல புகை வெளிய போற வாய்) 2 மில்லிமீட்டர் மேல ஏத்தி, 1 மில்லி ஓவர்சைஸ் போர் போட்டு (சிலிண்டரைப் பெருசாக் கடைஞ்சு), பெரிய கார்ப்பரேட்டர் மாட்டலாம்னு சொல்றாங்க. செஞ்சா மலைக்கு இழுக்குமா? தினமும் சேலம் டவுனுக்குள்ளயும் ஓட்டணும்.

செவ்வாய்ப்பேட்டை_ஸ்பேனர்:

போர் போட்டா பவர் ஏறும்னு நம்பிப் பணத்தைப் போடாதீங்க. சேத்தக்கோட போர் (சிலிண்டர் குறுக்களவு) 57 மில்லி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடற தூரம்) 57 மில்லி, கணக்குப்படி 145.45 சிசி. 1 மில்லி ஏத்தினா சுமார் 150.6 சிசி. அஞ்சு சிசிதான் கூடுது, மூணரை சதவீதம். போர் போட்ட வண்டி நல்லா இழுக்கறது புது ரிங்கும் (பிஸ்டனைச் சுத்தி இருக்கற வளையம்) நேரான சிலிண்டரும் கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) திருப்பித் தர்றதாலதான்.

"ஒரு அளவுக்கு மேல சுத்த மாட்டேங்குது"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது சைலன்சர் அடைப்போட குணம். முதல்ல சைலன்சரைக் கழட்டுங்க. பிஸ்டனை மேல கொண்டுவந்து நிறுத்தினா அதோட பாவாடை (கீழ்ப்பக்கம்) போர்ட்டை மூடிக்கும், சுரண்டற கரி உள்ள விழாது. மூங்கில் குச்சியால சுரண்டி எடுங்க, ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். அப்பவே டார்ச் அடிச்சு பிஸ்டனைப் பாருங்க. செங்குத்தா கோடு விழுந்திருந்தா ஒரு தடவை ஜாம் ஆகி (பிஸ்டன் சிலிண்டர்ல சிக்கி) விட்டிருக்கு. ரிங்குக்குக் கீழ காப்பிக்கலர்ல கறை இறங்கியிருந்தா கம்ப்ரஷன் கசியுது.

சைலன்சருக்குள்ள இருக்கற கரி காஸ்டிக் சோடா தண்ணில ஊறவெச்சா கழண்டு வரும். கையுறை, கண்ணாடி கட்டாயம். அதே தண்ணில ஹெட்டையோ பிஸ்டனையோ போட்டுடாதீங்க, அலுமினியத்தை அரிச்சுடும்.

அடுத்து ஆயில் சீல் (கிராங்க் தண்டுக்கு ரெண்டு பக்கமும் கசியாம அடைக்கற வளையம்). ஆக்சிலேட்டரை விட்டதும் ரேஸ் உடனே இறங்காம தொங்கினா, மேக்னெட் பக்கத்து சீல் காத்து இழுக்குதான்னு பார்க்கணும். சைலன்சர்ல வெள்ளைப் புகையும் வந்து கியர் ஆயிலும் குறைஞ்சா கிளட்ச் பக்கத்து சீல். காத்து இழுக்கற இன்ஜின்ல எந்த மாத்தமும் செய்யக் கூடாது, பிஸ்டன் போயிடும்.

போர்ட்_டைமிங்:

2 மில்லி ஏத்தறதுக்கு ஒத்துக்காதீங்க. இந்த ஸ்ட்ரோக்குக்கு எக்ஸாஸ்ட் போர்ட்டை 1 மில்லி உசத்தினா அது திறந்திருக்கற நேரம், கிராங்க் சுத்தற கணக்குல, சுமார் 4 டிகிரி கூடும். 2 மில்லின்னா 8 டிகிரி. பவர் மேல் ஆர்பிஎம்முக்குப் போயிடும், அடி இழுவை குறையும். வளைவுல வேகம் செத்து மறுபடி கிளம்பறப்போ உங்களுக்கு வேண்டியதே அந்த அடி இழுவைதான். நாலே கியர் உள்ள வண்டில, ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல இன்னும் பெரிய பள்ளம் விழும். வெட்டின இரும்பைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

கை வெச்சே ஆகணும்னா உயரத்தைத் தொடாம, சிலிண்டர் அடியில டிரான்ஸ்ஃபர் வாயும் (கீழ இருந்து கலவை சிலிண்டருக்கு ஏறற வழி) கிராங்க் கேஸ் வாயும் ஒண்ணுக்கொண்ணு நேரா இருக்கான்னு பாருங்க. பேக்கிங் உள்ள நீட்டிட்டு இருந்தா அதே அளவுக்கு வெட்டுங்க. கேஸ்ல இன்லெட் வாய்க்குப் பக்கத்துல கிராங்க் உரசாம சுத்தற வழவழப்பான பரப்புல கீறல் விழவே கூடாது. விழுந்தா பெட்ரோல் கலவை கார்ப்பரேட்டருக்கே திரும்பி அடிக்கும்.

சைலன்சரும் போர்ட்டும் பழசாவே இருக்கறப்போ பெரிய கார்ப்பரேட்டர் செலவு வீண்.

சேர்வராயன்_2டி:

மலை விஷயத்தை நான் சொல்றேன். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தைவிட அங்க காத்து 11 சதவீதம் போல லேசு. நல்ல இன்ஜினுக்கே அந்த அளவு பவர் குறையும், கலவையும் கொஞ்சம் ரிச் ஆகும் (காத்துக்குப் பெட்ரோல் கூடும்). மேலயே ஓடற வண்டின்னா மெயின் ஜெட்டை (கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் வர்ற துளை) 100லிருந்து 97, 98க்கு இறக்கலாம். நீங்க டவுன்ல ஓட்டறவங்க, ஜெட்டைத் தொடாதீங்க. மேல சரியா இருக்கற ஜெட் கீழ ஏப்ரல் வெயில்ல லீன் ஆகி (காத்துக்குப் பெட்ரோல் குறைஞ்சு) பிஸ்டனைப் பிடிச்சுடும்.

ரெண்டு பேரோட ரெண்டாவது கியர்ல ஏறறது குறையே இல்லைங்க. சேத்தக்குக்கு மேக்னெட் விசிறிதான் கூலிங், இன்ஜின் சுத்தற வேகத்துக்குத்தான் காத்து வரும். மூணாவதுல முக்கிக்கிட்டு ஏறினா சூடு கூடி காத்து குறையும். சிலிண்டர் மேல இருக்கற தகரக் கவரைக் கழட்டி ஓட்டாதீங்க. ஃபின்னுக்குள்ள (சிலிண்டர் சூடு ஆத்தற தகடுகள்) எண்ணெயும் மண்ணும் சேர்ந்து அடைச்சிருந்தா அதையும் சுத்தம் பண்ணுங்க.

பல வண்டி ஜாம் ஆகறது இறக்கத்துலதான். ஆக்சிலேட்டரை மூடி கியர்லயே இறங்கறப்போ இன்ஜின் வேகமா சுத்தும், ஆனா பெட்ரோல் வராது. 2டி ஆயில் (2 ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) பெட்ரோலோடதான் உள்ள வருது, அதனால ஆயிலும் வராது. ஒவ்வொரு நேர் ரோட்டுலயும் கிளட்ச்சைப் பிடிச்சு ரெண்டு தடவை ரேஸ் குடுங்க. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு மட்டும் இறங்காதீங்க, டிரம் பிரேக் சூடாகி பிடிக்காமப் போகும்.

ஆயில் லிட்டருக்கு 20 மி.லி. போதும். பாதுகாப்புன்னு 40 ஊத்தினா அதே ஜெட் வழியா போற பெட்ரோல் குறையும், கலவை லீன் ஆகும், கரியும் சீக்கிரம் அடைக்கும்.

அஸ்தம்பட்டி_சேத்தக்:

ரொம்ப நன்றிங்க. எக்ஸாஸ்ட் வாய் பாதி கரி. பிஸ்டன்ல கோடு இருக்கு, ரிங் கேப் (ரிங் வாய் இடைவெளி) 1 மில்லிக்கு மேல. போர் போட்டுத்தான் ஆகணும் போல. லேத்துல என்ன சொல்லிக் குடுக்கட்டும்?

செவ்வாய்ப்பேட்டை_ஸ்பேனர்:

பிஸ்டனை முதல்ல வாங்கி, அதையும் சேர்த்துக் குடுங்க. பிஸ்டனை அளந்துதான் போர் போடணும். கோடு மறையற அளவுக்குக் கிடைக்கற சின்ன ஓவர்சைஸ் போதும், 1 மில்லிக்குத் தாவிட்டா அடுத்த போருக்கு இரும்பு மிஞ்சாது. கிளியரன்ஸ் (பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இடைவெளி) பிஸ்டன் கம்பெனி சொன்னபடி. ஹோனிங் (சிலிண்டர் உள்பக்கம் தேய்க்கறது) முடிஞ்சதும் எல்லா போர்ட் விளிம்பையும் சேம்ஃபர் அடிக்க (கூர் மழுக்க) சொல்லுங்க. 4 ஸ்ட்ரோக் சிலிண்டரே பார்த்துப் பழகின லேத்துல இதை விட்டுடுவாங்க. கூரான விளிம்புல ரிங் மாட்டி உடைஞ்சா புது போரும் காலி.

ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள்ள விட்டு ஃபீலர் கேஜ்ல (இடைவெளி அளக்கற தகடு) ரிங் கேப்பைப் பாருங்க, 0.2லிருந்து 0.35 மில்லிக்குள்ள இருக்கணும். மாட்டறப்போ ரிங் வாய் பிஸ்டன்ல இருக்கற பின் மேல உக்காரணும், பிஸ்டன் அம்புக்குறி எக்ஸாஸ்ட்டைப் பார்க்கணும். சர்க்ளிப் (பிஸ்டன் பின்னைப் பிடிக்கற கிளிப்) ரெண்டும் புதுசு மாட்டுங்க. பாயிண்ட் கேப் 0.4 மில்லி. முதல் 500 கிலோமீட்டருக்கு ஆயில் லிட்டருக்கு 30 மி.லி. ஊத்துங்க, அதுவரைக்கும் மலைப்பக்கம் வண்டியைத் திருப்பாதீங்க.