நாய் உலர் திராட்சை தின்னுடுச்சு, என்ன பண்றது? சாம்பார் சாதம் பூனைக்கு ஆகுமா?

செம்பருத்தி:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். பாயசத்துக்கு வாங்கி வச்ச உலர் திராட்சை பாக்கெட்ட எங்க நாய் கிழிச்சு பாதிக்கு மேல தின்னுடுச்சு, ஒரு கைப்பிடிக்கு மேலயே இருக்கும், முக்கால் மணி நேரம் ஆச்சு. நாட்டு நாய்தான், ஏழு மாசம், 9 கிலோ. இப்ப நல்லா ஓடி விளையாடிட்டுதான் இருக்கு. பழம்தானே ஒண்ணும் ஆகாதுன்னு மாமியார் சொல்றாங்க, எனக்கு மனசு கேக்கல. வீட்டுல பூனையும் இருக்கு, அதுக்கு சாம்பார் சாதம்தான் போடுறோம், அதுவும் தப்பா?

மாடிவீட்டு ராஜா:
அக்கா இத படிச்ச உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க, மத்தத அப்புறம் பேசலாம். திராட்சை, உலர் திராட்சை ரெண்டுமே நாய்க்கு கிட்னிய பாதிக்கும். எவ்வளவு தின்னா ஆபத்துன்னு கணக்கே கிடையாது, ஒரு நாய் நிறைய தின்னும் சும்மா இருக்கும், இன்னொண்ணு கொஞ்சம் தின்னே படுத்துடும். இப்ப விளையாடுதுன்னு நம்பாதீங்க, கிட்னி அடி வாங்குறது ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுதான் தெரியும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள போனா ஊசி போட்டு வாந்தி எடுக்க வச்சிடுவாங்க. உப்புத்தண்ணி மட்டும் வீட்டுல குடுத்துடாதீங்க, அது தனி ஆபத்து.

மூணு பூனை வீடு:
திராட்சைல இருக்கற டார்டாரிக் அமிலம்தான் காரணமா இருக்கும்னு 2021-ல அமெரிக்கால விஷமுறிவு டாக்டருங்க எழுதினாங்க. அதே அமிலம் நம்ம புளியிலயும் நிறைய இருக்கு, அதனால புளியோதரை, புளிக்குழம்பு எதையும் நாய்க்கு வைக்காதீங்க.

பூனை விஷயத்துக்கு வரேன். சாம்பார்ல பிரச்சனை வெங்காயமும் பூண்டும். வேக வச்சாலும் போகாது, பொடியா இருந்தாலும் அதேதான், ரத்தத்துல இருக்கற சிவப்பணுவ உடைச்சுடும். நாய விட பூனைக்கு இது ரொம்ப மோசம், கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே போதும்னு சொல்றாங்க, மூணு கிலோ பூனைக்கு ரெண்டு சின்ன வெங்காயம் அவ்வளவுதான். எங்க வீட்டுல கோழிக்குழம்பு மிச்சத்த தினமும் பெசஞ்சு போட்டுட்டு இருந்தோம், ஒரு நாள் பார்த்தா ஈறு வெள்ளையா இருக்கு, ஒண்ணுக்கு காபி கலர்ல போகுது. ரத்தம் ஏத்தித்தான் காப்பாத்தினோம். நாமளே ஆசையா ஊட்டி விட்டோமேன்னு இன்னிக்கும் மனசு ஆறல.

தோட்டக்காரி:
மாங்கொட்டையும் நாய்க்கு எட்டாத இடத்துல போடுங்க, முழுங்கினா குடல்ல அடைச்சுக்கும், ஆபரேஷன் வரைக்கும் போகும். முளைச்ச உருளை, பச்சையான தக்காளிக்காய், தக்காளிச் செடி இலை, இதுங்களும் வேணாம். கேரட், பீன்ஸ், பரங்கிக்காய் உப்பு போடாம வேக வச்சு குடுக்கலாம். கொட்டை எடுத்த தர்பூசணி எங்க நாய்க்கு உயிரு.

செம்பருத்தி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராஜா தம்பி பதில பார்த்ததும் ஆட்டோ பிடிச்சு போயிட்டோம். வாந்தில திராட்சை அப்படியே உப்பிப்போய் வந்துச்சு, எண்ணக்கூட முடியல. டிரிப் ஏத்தியிருக்காங்க, கிட்னி எப்படி இருக்குன்னு ரத்தத்துல பார்க்கற கிரியேட்டினின் இப்ப நார்மல், நாளைக்கும் மறுநாளும் திரும்ப ரத்தம் எடுத்து பார்க்கணுமாம். மாமியார்தான் இப்ப அத மடில வச்சுட்டு உக்காந்திருக்காங்க. பூனைக்கு இன்னிக்கு ராத்திரி வெறும் வேக வச்ச மீன்தான், முள்ளு எடுத்துட்டு.