தங்கச்சி வேலைக்குத் திரும்ப மறுக்கிறாள், வீட்டில் நாங்கள் என்ன செய்வது?

பவானிக்கரை (கேள்வி):

வணக்கம். ரெண்டு வாரமாக இதை எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு 24 வயது. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் ரெண்டு வருஷமாக வேலை. டீம் லீடர் ஒருத்தன் முதலில் ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ், அப்புறம் நாற்காலிக்குப் பின்னால் வந்து தோளில் கை வைத்துக்கொண்டு நிற்பது, லிஃப்டில் தனியாக இருக்கும்போது வாயில் சொல்ல முடியாத பேச்சு. இவள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொன்ன மறுநாளிலிருந்து எல்லார் முன்னாலும் இவள் வேலையில் குறை. ஹெச்ஆரில் இருந்த மேடத்திடம் சொல்லியிருக்கிறாள், "அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தாம்மா, கண்டுக்காதே" என்று அனுப்பிவிட்டார்கள்.

பொங்கலுக்கு வந்தவள் ஒரு மாதத்துக்கு மேலாகியும் திரும்பிப் போகவில்லை. ரிசைன் பண்ணவும் இல்லை, சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறாள். விடிகாலை மூணு நாலு மணி வரை தூக்கமில்லை. வாட்ஸ்அப் சத்தம் கேட்டால், அது அப்பா போனாக இருந்தாலும், உடம்பு தூக்கிப்போடுகிறது. தன் போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறாள், அரிசி அளக்கப் போன அம்மா அதைப் பார்த்துவிட்டு அழுதார். அப்பா வேலையை விடச் சொல்கிறார். அம்மாவுக்கு, நாலு பேருக்குத் தெரிந்தால் கல்யாணப் பேச்சு என்ன ஆகும் என்ற பயம். நான் என்ன செய்தேன் என்றால், விஷயம் தெரிந்த அன்றைக்கே "அவனைப் போய் நாலு சாத்து சாத்திட்டு வர்றேன்" என்று வண்டிச் சாவியை எடுத்தேன். அதிலிருந்து என்னிடம் அவள் எதுவும் பேசுவதில்லை.

போன வாரம் அம்மாவிடம் "நான் இல்லாமப் போயிட்டா உங்களுக்கு இந்தத் தலைவலி இருக்காதுல்ல" என்று சொல்லியிருக்கிறாள். அதுதான் பயமாக இருக்கிறது. புகார் கொடுப்பதா, டாக்டரிடம் போவதா, கொஞ்ச நாள் அப்படியே விடுவதா?

---

வேப்பங்காற்று:

தம்பி, உங்கள் தங்கை இடத்தில் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் இருந்தேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன். சாவியை எடுத்தீர்கள் பாருங்கள், அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு வேலை ரெண்டாகிவிட்டது. தன்னையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அண்ணன் மேல் போலீஸ் கேஸ் வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பேசாமல் இருப்பதே மேல் என்று முடிவு பண்ணியிருப்பாள், நானும் அப்படித்தான் பண்ணினேன். முதலில் போய் "நான் அப்படிக் கத்தினது தப்பு, நீ சொல்லாம நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது, காப்பாற்றவும் வேண்டும்.

என் வீட்டில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், "ஏன் அப்பவே சொல்லல?" அக்கறையோடுதான் கேட்டார்கள், ஆனால் காதில் விழுந்தது என்னவோ "உன் மேலதான் தப்பு" என்றுதான். என் அண்ணி ஒருத்திதான் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலமானால் ஒரு முறம் மொச்சையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து உரிப்பாள், நானும் உரிப்பேன், சீரியல் கதை பேசுவாள். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ நானாகவே சொல்ல ஆரம்பித்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு "அவன் செஞ்சது அக்கிரமம்" என்று ஒரே வாக்கியம், அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அத்தனை நாளும் காத்திருந்தேன் போல.

அம்மாவிடம் கல்யாணப் பேச்சைக் கொஞ்ச நாளைக்கு அவள் காதில் விழாமல் வைக்கச் சொல்லுங்கள்.

---

கருப்புக்கண்ணாடி:

எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருத்தன் இருப்பான். வேறு வேலை வாங்கிக்கொடுங்கள், தானாகச் சரியாகிவிடும். புகார், விசாரணை என்று போனால் பெயர்தான் கெடும்.

---

வேப்பங்காற்று:

வேறு வேலைக்குத்தான் நானும் போனேன் சார். புது ஆபீஸிலும் ஒரு வருஷம் லிஃப்டில் ஏறாமல் ஐந்து மாடி படியேறிக்கொண்டிருந்தேன். தானாக ஒன்றும் சரியாகவில்லை.

---

பழைய குழு உறுப்பினர்:

ஒரு நிறுவனத்தில் ஆறு வருஷம் புகார்க் குழுவில் இருந்தவன் என்பதால் சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் முதலில் அது.

வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013-ஆம் வருஷச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். தலைமையில் ஒரு பெண், வெளியாள் ஒருவர், மொத்த உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். ஹெச்ஆரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது இந்தச் சட்டப்படிப் புகார் ஆகாது, எழுத்தில் குழுவுக்குப் போக வேண்டும். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதம் கெடு. தக்க காரணம் இருந்தால் குழு அதை எழுதிவைத்து இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். பொங்கலுக்கு முன் நடந்தது என்றால் இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை. இடையில் ரிசைன் பண்ணினாலும் புகார் உரிமை போய்விடாது, பாதிக்கப்பட்ட பெண் அங்கே வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்றுதான் சட்டமே சொல்கிறது.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று. விசாரணை நடக்கும்போது அவள் எழுதிக் கேட்டால், வழக்கமான விடுப்பு போக இன்னும் மூன்று மாதம் வரை விடுப்பு கொடுக்கவோ, அவளையோ அவனையோ இடம் மாற்றவோ குழு பரிந்துரைக்கலாம். நஷ்டஈடு கணக்கிடும்போது மன உளைச்சல், கைவிட்டுப்போன வேலை வாய்ப்பு, உடம்புக்கோ மனசுக்கோ பார்த்த வைத்தியச் செலவு எல்லாம் சேரும். அதனால் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். மனநிலை சரியில்லாமல் அவளால் எழுத முடியவில்லை என்றால், உறவினரோ தோழியோ மனநல மருத்துவரோ புகார் கொடுக்கவும் விதிகளில் இடம் இருக்கிறது. இது அவளுக்குத் தெரியாமல் நீங்கள் முந்திக்கொள்வதற்கான வழி இல்லை, சொல்லிவிட்டேன்.

மேலே ஒருவர் பெயர் கெடும் என்றார். பெயர், முகவரி, விசாரணை விவரம் எதையும் வெளியிடக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. "நிரூபிக்க முடியலேன்னா உன் மேலேயே நடவடிக்கை" என்று சிலர் மிரட்டுவார்கள், அதுவும் தப்பு. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் யார் மேலும் நடவடிக்கை எடுக்க முடியாது. சமரசம் என்பது அவளாகக் கேட்டால்தான், அதிலும் பணம் கைமாறக் கூடாது. விசாரணைக்குத் தொண்ணூறு நாள் கெடு, சில குழுக்கள் அதைத் தாண்டி இழுப்பதையும் பார்த்திருக்கிறேன், அதை மறைக்கவில்லை. நிறுவனத்தில் குழுவே இல்லையென்றால், அல்லது புகார் முதலாளி மேலேயே என்றால், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

(ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி என்ற கிராமப் பணியாளருக்கு 1992-இல் நடந்த கொடுமைதான் இதற்கெல்லாம் தொடக்கம். உச்ச நீதிமன்றம் 1997-இல் விசாகா வழக்கில் நெறிமுறை வகுத்தது, சட்டமாக வர இன்னும் 16 வருஷம் ஆனது. அதைக் கையில் வைத்துக்கொண்டு "கண்டுக்காதே" என்று சொல்கிறார்கள் பாருங்கள்.)

இப்போதைக்கு ஒரு வேலை போதும். அந்த மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை அவள் எடுக்க வேண்டாம், திரும்பப் படித்தால் கலங்கிவிடுவாள். அவள் நம்பும் தோழி எடுக்கட்டும்.

---

இரவுப்பணி:

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அண்ணா, புகாரைப் பற்றி முடிவெடுக்க இன்னும் நாள் இருக்கிறது, "இல்லாமப் போயிட்டா" என்று சொன்னதற்கு இல்லை. இன்றைக்கே கேளுங்கள். சுற்றி வளைக்காமல், "சாகணும்னு தோணுதா?" என்றே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள், அப்படி ஆவதில்லை. பெரும்பாலும் கேட்டவுடன் அழுகைதான் வரும், வரட்டும். ஆமாம் என்று சொன்னால் தனியாக விடாமல் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள், ராத்திரி என்றாலும் அவசரப் பிரிவு திறந்துதான் இருக்கும். பூச்சி மருந்து, மாத்திரை எல்லாம் வீட்டில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். 14416 டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், அவள் பேச விரும்பாவிட்டால் வீட்டு ஆள் நீங்களே கூப்பிட்டு எப்படி நடந்துகொள்வது என்று கேட்கலாம்.

நீங்கள் சொல்கிற தூக்கிப்போடுவது, தூக்கமின்மை, போனைப் புதைப்பது எல்லாம் பைத்தியத்தின் அடையாளம் இல்லை. ஆபத்து முடிந்துவிட்டது என்று உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும், உங்கள் கணக்கில் அது தாண்டிவிட்டது. பெரிய காசு செலவழித்துத்தான் ஆகணும் என்று இல்லை, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கும், சீட்டுப் போட்டுப் பார்க்கலாம். மருந்துக்கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். அங்கே அவள் சொல்வது ரகசியம், 2017 மனநலச் சட்டத்திலேயே அந்த உரிமை இருக்கிறது. டாக்டரிடம் பேசும்போது நீங்கள் அறைக்கு வெளியே உட்காருங்கள். அண்ணன் பக்கத்தில் இருந்தால் பாதிதான் வெளியே வரும், தினமும் பார்க்கிறேன்.

அவள் வர மாட்டேன் என்றால் இழுத்துக்கொண்டு வராதீர்கள் (சாகும் எண்ணம் இருந்தால் அது வேறு கணக்கு). "தூக்கத்துக்காக ஒரு தடவை காட்டிட்டு வரலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். தூக்கம் என்றால் வெட்கப்பட எதுவும் இல்லை, நிறையப் பேர் அந்த வாசல் வழியாகத்தான் எங்களிடம் வருகிறார்கள்.

---

பவானிக்கரை:

நாலு நாள் கழித்து எழுதுகிறேன், எல்லாருக்கும் நன்றி.

அன்றைக்கு ராத்திரியே மொட்டைமாடியில் வைத்து மன்னிப்புக் கேட்டேன். பதில் சொல்லவில்லை. அப்புறம் கேட்க வேண்டியதைக் கேட்டேன், வாய் குழறியது. சில ராத்திரிகளில் அப்படித் தோன்றும், செய்துகொள்ள மாட்டேன் என்றாள். அம்மா அவள் அறையில்தான் படுக்கிறார். தென்னைக்கு வாங்கி வைத்திருந்த மருந்தை அப்பா தூரத்துத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு வந்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 14416-இல் நானே பேசினேன், டாக்டரைப் பார்க்கத் தள்ளிப்போட வேண்டாம் என்றார்கள்.

புகாரைப் பற்றி இந்தத் திரியைக் காட்டிவிட்டு எதுவும் சொல்லாமல் விட்டேன். நேற்று ஒரு பழைய டைரித் தாளில் தேதிகளாக எழுதிக்கொண்டிருந்தாள், எட்டிப் பார்க்கவில்லை. போன் இன்னும் அரிசிக்குள்தான். இன்றைக்குக் காலையில் காபி குடிக்கும்போது, ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க எத்தனை மணிக்குப் போய் நிற்கணும் என்று கேட்டாள். எட்டு மணி என்றேன். "நீ வெளியதான உக்காருவே?" என்றாள்.