அம்மன் சிரசோடு ஒளி லேயரை மெர்ஜ் செய்தால் கறுப்புக் கட்டம் வருகிறது

குடியாத்தம்_டிசைன்:
கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஃபிளெக்ஸ். 10க்கு 8 அடி, 72 ரெசல்யூஷன் (அங்குலத்துக்கு 72 பிக்சல்), ஃபோட்டோஷாப். பின்னணியில் கோபுரம். சிரசு பின்னணி நீக்கிய தனி லேயர் (படத்தின் ஓர் அடுக்கு). அதன் மேல் கறுப்புப் பின்னணி கொண்ட ஒளிவட்டம், ஸ்கிரீன் மோடில் (கீழுள்ளதை வெளிச்சமாக்கும் கலப்பு முறை). இரண்டையும் செலக்ட் செய்து கண்ட்ரோல்+ஈ கொடுத்து மெர்ஜ் செய்தால் (ஒரே லேயராக்கினால்) சிரசைச் சுற்றிக் கறுப்புக் கட்டம். ஃபைல் வேறு 2 ஜிபியை நெருங்குகிறது. என்ன வழி?

காட்பாடி_பிக்சல்:
ஸ்கிரீன் மோட் கறுப்பை மறைப்பது கீழே ஏதாவது நிறம் இருந்தால்தான். சிரசு லேயரில் சுற்றிலும் வெற்றிடம். மெர்ஜ் ஆகும்போது அந்த இரண்டு லேயர் மட்டுமே கணக்கு, பின்னணிக் கோபுரம் கணக்கில் வராது. அதனால் வெற்றிடத்தில் கறுப்பு அப்படியே உட்கார்ந்துவிடும். மல்டிப்ளை (கீழுள்ளதை இருட்டாக்கும் மோட்) நிழலிலும் இதே சிக்கல்தான், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, அவ்வளவுதான்.

சோதித்துப் பார்க்க: இரண்டையும் குரூப் செய்து, குரூப் மோடை பாஸ் த்ரூவிலிருந்து நார்மலுக்கு மாற்றுங்கள். அதே கட்டம் தெரியும்.

தீர்வு: ஒளி லேயரை மட்டும் கண் திறந்து வைத்து, சேனல்ஸ் பேனலில் ஆர்ஜிபி மேல் கண்ட்ரோல் அழுத்திக் கிளிக் செய்யுங்கள். வெளிச்சத்தின் அளவுக்கு ஏற்ப செலக்‌ஷன் வரும். புது லேயர் போட்டு மஞ்சளால் நிரப்பி, பழைய ஒளி லேயரை அணைத்துவிடுங்கள். இது நார்மல் மோட் என்பதால் சிரசோடு தைரியமாக மெர்ஜ் செய்யலாம். ஒளி முகத்தின் மேல் மட்டும் போதுமென்றால் கண்ட்ரோல்+ஆல்ட்+ஜி கொடுத்து கிளிப் செய்துவிட்டு மெர்ஜ் செய்தாலே போதும்.

சத்துவாச்சாரி_பிரிண்ட்:
உங்கள் அளவு 8640×6912 பிக்சல். ஆர்ஜிபியில் முழு லேயர் ஒன்றுக்கே 170 எம்பி ஆகும். ஃபோட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி ஃபைல் 2 ஜிபிக்கு மேல் சேவ் ஆகாது, பெரிய ஃபைலுக்கான பிஎஸ்பி ஆக வையுங்கள். லேயர்களைக் கொல்ல வேண்டியதில்லை.

அச்சுக்கு அனுப்ப தனி காப்பி எடுத்து, அதில் மட்டும் ஃபிளாட்டன் (எல்லா லேயரையும் ஒன்றாக்குவது). அணைத்து வைத்த லேயர்கள் அதில் அழிந்துவிடும். மெர்ஜ் விசிபிள் என்றால் தங்கும். சிஎம்ஒய்கே (அச்சு மைக்கான நிற முறை) மாற்றம் ஃபிளாட்டன் செய்த பிறகுதான். முன்னாடியே மாற்றினால் ஸ்கிரீன், மல்டிப்ளை எல்லாம் புது நிற முறையில் கணக்கிடப்பட்டு ஒளி வேறு மாதிரி ஆகிவிடும். அப்புறம் டிஃப் (அச்சுக்கு அனுப்பும் பட ஃபைல்) ஆக சேவ்.

குடியாத்தம்_டிசைன்:
நன்றிங்க. உபயதாரர் பெயர்கள் கடைசி நேரம் வரை மாறும். அதையும் மெர்ஜ் செய்யலாமா?

காட்பாடி_பிக்சல்:
கூடவே கூடாது. மெர்ஜ் ஆனால் எழுத்து படமாகிவிடும், ஒரு புள்ளிகூடத் திருத்த முடியாது. படங்களை மட்டும் சுருக்குங்கள், எழுத்து மேலேயே இருக்கட்டும். கடையில் உங்கள் தமிழ் ஃபாண்ட் இல்லாவிட்டாலும் பயமில்லை, போவது ஃபிளாட்டன் செய்த டிஃப்தானே.

ஆம்பூர்_கிம்ப்:
கிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்பவர்களுக்கு: லேயர் மெனுவில் நியூ ஃப்ரம் விசிபிள் கொடுத்தால் மொத்தத் தோற்றமும் புது லேயராக வரும், பழையவை அப்படியே இருக்கும். கிம்ப்பின் சொந்த ஃபைலான எக்ஸ்சிஎஃப் ஆக சேவ், டிஃப் ஆக எக்ஸ்போர்ட்.