மன்னார்குடி பக்கம் நெல்லு, தேங்கா ஏத்த எந்த பிக்கப் எடுக்கலாம்? ஓட்டுறவங்க சொல்லுங்க

வடுவூர்காரன்:
அண்ணன்மாருங்க எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுறேன் கோச்சுக்காதீங்க. நமக்கு ஏழு ஏக்கர். மேட்டூர்ல ஜூன் 12க்கு தண்ணி தொறந்தா குறுவை, இல்லன்னா சம்பாவோட சரி. ஒவ்வொரு அறுப்புக்கும் வாடகை வண்டிக்கு கெஞ்சிக்கிட்டு நிக்கிறது வெறுத்துப்போச்சு, போன தை மாசம் வண்டி கிடைக்காம களத்துல நெல்லு மேல படுதாவ போட்டுட்டு ரெண்டு ராத்திரி பக்கத்துலயே படுத்து கிடந்தேன். சொந்தமா ஒண்ணு எடுத்துட்டா அறுப்பு நாள்ல நம்ம நெல்லு, மத்த நாள்ல பட்டுக்கோட்டை பேராவூரணி தேங்கா லோடுன்னு ஓட்டிடலாம்னு ஐடியா. கையில மூணு லட்சம், மிச்சம் லோன்.

பார்த்து வச்சிருக்கது பொலேரோ பிக்கப் 1.7 டன், டாடா யோதா, லேலண்ட் படா தோஸ்த். பொலேரோல இன்ஜின் 2.5 லிட்டர் ஆனா 75 குதிரை சக்தி, படா தோஸ்த் 1.5 லிட்டர் தான் ஆனா 80 குதிரைன்னு போட்டிருக்கான், இது எப்படின்னு மண்டை காயுது. டெக்சாஸ்ல இருக்க மச்சான் ஃபோர்டு எஃப்-150ங்கிற அமெரிக்க பிக்கப் போட்டோ அனுப்பி "இதாண்டா பிக்கப், நீ பாக்குறதெல்லாம் தள்ளுவண்டி"ங்கிறான். அவனுக்கும் ஒரு பதில் சொல்லணும்.

பழைய ஷெட்டு, நீடாமங்கலம்:
தம்பி குதிரைய எண்ணாத, டார்க்க பாரு, அதாவது இன்ஜினோட இழுவை. பொலேரோ 200 நியூட்டன் மீட்டர், படா தோஸ்த் 190, பெருசா ஒண்ணும் வித்தியாசம் இல்ல. பெரிய இன்ஜின் அடங்கி ஓடுறப்பவே இழுக்கும், சின்ன இன்ஜின கொஞ்சம் சுத்தவிட்டா தான் சத்து வரும், அவ்ளோதான் கணக்கு. யோதா 100 குதிரை, 250 டார்க், மேடு ஏற நல்லாருக்கும், ஆனா நம்மூர்ல மேடுன்னா ஆத்துப்பாலம் ஏறுறது தானே.

நீ பார்க்க வேண்டியது பட்டையும் (கனத்த தாங்குற ஸ்பிரிங்) தொட்டியும் (பின்னாடி லோடு ஏத்துற இடம்). டி.பி.சி. (அரசு நெல் கொள்முதல் நிலையம்) மூட்டை சாக்கோட 40 கிலோ 580 கிராம். 1.7 டன் வண்டின்னா 41 மூட்டை, 42வது மூட்டை ஏத்துனாலே ஓவர்லோடு. நம்ம ஆளுங்க 60 அடுக்குவாங்க, நானும் அடுக்குனவன் தான், பொய் சொல்லல. கோரையாத்து கரையில ஒரு பள்ளத்துல இறங்குனேன், "டக்"குன்னு சத்தம், இறங்கி டார்ச் அடிச்சா மெயின் பட்டை ரெண்டு துண்டு, தொட்டி ஒரு பக்கமா டயர் மேல உக்காந்துருக்கு. ராத்திரி பத்து மணிக்கு 60 மூட்டையையும் கரையில இறக்கி வேற வண்டில ஏத்துனோம், ஏத்துகூலி ரெண்டு தடவ. வண்டி மேல தப்பே இல்ல, என் பேராசை. செக்கிங்ல மாட்டிருந்தா 2019லேருந்து ஃபைன் 20,000, அதுக்கு மேல கூடுதலா இருக்க ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

இன்னொண்ணு, மழைல வெறும் வண்டியா களிமண் பாதைல போனா பின்பக்கம் கனமில்லாம இழுத்துக்கிட்டு வாய்க்காலுக்கு போயிடும். மணல் மூட்டை ரெண்டு ஆக்ஸிலுக்கு நேரா போட்டுக்க.

கூத்தாநல்லூர் ரிட்டர்ன்:
மச்சானுக்கு பதில் நான் தர்றேன். எஃப்-150 எல்லாம் பார்க்க யானை, ஆனா தொட்டில ஏத்தற கனம் பெரும்பாலும் முக்கால் டன்லேருந்து ஒரு டன் பக்கம் தான். அது டிரெய்லர், படகு இழுக்கன்னே செஞ்ச வண்டி, அதுல அஞ்சு டன்னுக்கு மேல கூட இழுக்கும். உன் தள்ளுவண்டி முதுகுல அதவிட கூட சுமக்குதுன்னு சொல்லு.

நான் சவுதில ஒம்பது வருஷம் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஓட்டுனேன், ஆயில மட்டும் நேரத்துக்கு மாத்துவோம், வேற ஒண்ணும் கேட்டதில்ல. 2022ல இந்தியாவுக்கு வந்தப்ப ஆசையா போய் விலை கேட்டா 30 லட்சத்துக்கு மேல, அப்படியே டீ குடிச்சிட்டு வந்துட்டேன். கொஞ்சம் சொகுசா வேணும்னா இசுசு டி-மேக்ஸ் சிங்கிள் கேப் பாரு, ஸ்ரீசிட்டில தான் செய்றாங்க, ஓட்ட கார் மாதிரி. ஆனா உன் பட்ஜெட் தாண்டும், நெல்லு ஏத்த சொகுசு எதுக்குன்னு ஷெட்டு அண்ணன் திட்டுவாரு.

நாகை மீன்வண்டி:
திட்ட வேண்டியது தான் 😀 தம்பி, டீலர் சொல்ற மைலேஜ நம்பாத. நான் லோடோட 11, காலியா 14 பார்க்கிறேன். எந்த கம்பெனின்னு சொல்லல, ஆனா பி.எஸ்.6 புகை விதி வந்தப்புறம் எல்லாருக்கும் சொல்ற ஒரு விஷயம் இருக்கு. புகைக்கரிய பிடிக்கிற ஃபில்டர் சைலன்சர் லைன்ல இருக்கும், அது சூடாகி கரிய எரிக்கணும்னா வண்டி கொஞ்ச தூரம் நிறுத்தாம ஓடணும். நான் ஹார்பர்லேருந்து மார்க்கெட்டு, மார்க்கெட்டுலேருந்து ஐஸ் கம்பெனின்னு மூணு மூணு கிலோமீட்டரா ஓட்டி லைட்டு எரிஞ்சு வண்டி வேகமே எடுக்கல, ஷோரூம்ல ஒரு நாள் நிறுத்திட்டான். இப்ப வாரம் ஒருநாள் சும்மாவாச்சும் திருவாரூர் வரைக்கும் ஒரே மூச்சா போயிட்டு வர்றேன். நீயும் களம், டி.பி.சி.ன்னு கிட்டக்கிட்ட தான் ஓட்டப்போற, ஞாபகம் வச்சுக்க.

அப்புறம் வேதாரண்யம் உப்பு லோடு மட்டும் ஆசைப்பட்டு எடுத்துடாத. தகரம் ரெண்டே வருஷத்துல சல்லடை.

காய்க்கடை அக்கா, பேராவூரணி:
தம்பி நாங்க தேங்கா ஏத்துற பக்கம், மூணு வண்டிக்கு கணக்கு பார்க்கிறது நான்தான். உரிச்ச காய் சராசரி அரை கிலோன்னு வச்சா 1.7 டன்னுக்கு 3,400 காய். அதனால காய்க்கு கனம் தான் கணக்கு, தொட்டி நீளம் இல்ல. வைக்கோல் கட்டு, வாழைத்தார் ஏத்துனா அப்படியே தலைகீழ், அதுக்கு நீளம் வேணும். படா தோஸ்த் 9 அடி 8 அங்குலம் வரும், பொலேரோ மேக்ஸ்ல 2 டன் வண்டி 10 அடி. இன்ஜின் சீட்டுக்கு அடியில இருக்க வண்டி கும்பகோணம் சந்துல சுலபமா திரும்பும், ஆனா சித்திரைல டிரைவருக்கு கீழேருந்து அனல் ஏறும். மூக்கு வச்ச வண்டில அந்த தொல்லை இல்ல, ஆனா நீளம்.

காசு விஷயம். 2025 செப்டம்பர் 22லேருந்து சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28லேருந்து 18 ஆயிடுச்சு, பழைய கொட்டேஷன காட்டுனா வாங்காத. ஆர்.சி.ல மொத்த எடை 3,000 கிலோக்குள்ள இருந்தா பெர்மிட் வேணாம், அதுக்கு மேல போனா வேணும், உன் லிஸ்ட்ல ஒவ்வொண்ணுக்கும் கேளு. எஃப்.சி. (வண்டி தகுதிச் சான்று) எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ, அப்புறம் வருஷாவருஷம். மஞ்சள் போர்டு தான், உன் கார் லைசென்ஸே போதும், 7,500 கிலோ வரைக்கும் ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டாங்க.

நான் கேக்குறது ஒண்ணுதான். இங்கேருந்து காய் ஏத்திட்டு போற சரி, திரும்பி வர்றப்ப என்ன ஏத்துவ? டீசல் விக்கிற விலைக்கு காலியா வந்தா டியூ கட்ட முடியாது. கஜா புயலுக்கு அப்புறம் இங்க வண்டி எடுத்தவங்கள்ல பாதிப்பேரு அதுல தான் மாட்டுனாங்க.

வடுவூர்காரன்:
அக்கா நீங்க கேட்டது தான் ராத்திரி தூங்க விடல. தஞ்சாவூர்ல ஒரு உரக்கடைல பேசிருக்கேன், வாரம் மூணு நடை திரும்பி வர்றப்ப உரமூட்டை ஏத்தித்தர்றேங்கிறாரு, வாய்ப்பேச்சு தான், பார்ப்போம். ஷோரூம்ல லோடு ஏத்தி டெஸ்ட் டிரைவ் கேட்டேன், சிரிச்சிட்டான். இப்ப சித்தப்பா மகன் வண்டில நாளைக்கு சரியா 41 மூட்டை ஏத்தி நம்ம வாய்க்கா பாலத்துல திருப்பி பார்க்கப்போறேன். ஷெட்டு அண்ணே, மணல் மூட்டை எத்தன கிலோ போடணும்?

பழைய ஷெட்டு, நீடாமங்கலம்:
அம்பது அம்பது போதும். பாலத்துல திருப்புறப்ப கைப்பிடிச்சுவர் உடைஞ்ச பக்கம் போயிடாத.