விண்டோஸ் 7 நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?

பழைய இரும்பு:
பன்னிரண்டு வருடமாக ஒரே கணினி, ஒரே விண்டோஸ் 7. ஒரு வைரஸ்கூட வந்ததில்லை. கண்ட லிங்க்கையும் அழுத்துகிற ஆள் இல்லை நான். 2020 ஜனவரியோடு ஆதரவு நின்றுவிட்டது என்று பயமுறுத்துகிறார்கள். விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டுமாம். புதுக் கணினியை விற்கப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

கம்பிவலை:
2017 மே 12 அன்று வானாகிரை என்ற புழு வைரஸ் பரவியபோது யாரும் எதையும் அழுத்தவில்லை ஐயா. கோப்புகளைப் பகிர உதவும் எஸ்எம்பியில் ஓட்டை. அதற்கான வலை வாசலான 445-ஆம் போர்ட் திறந்திருந்தால் போதும், பக்கத்துக் கணினியிலிருந்து தானாகவே தாவிவிடும். பிரிட்டனில் மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளையே தள்ளிவைத்தன. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் 14-லேயே வந்துவிட்டது. போடத்தான் ஆளில்லை.

பழைய இரும்பு:
உங்கள் உதாரணம் எனக்குத்தான் சாதகம். அன்று அடி வாங்கியதில் பெரும்பாலானவை ஆதரவில் இருந்த விண்டோஸ் 7. 2014-லேயே கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பியில் அந்தப் புழு உருப்படியாக ஓடவே இல்லை, நீலத்திரையோடு நின்றுவிட்டது. அப்புறம் 2024 ஜூலை 19-ஐ மறந்துவிட்டீர்களா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு அப்டேட், 85 லட்சம் கணினிகள் படுத்துவிட்டன!

கம்பிவலை:
எக்ஸ்பி விஷயம் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூட்டில்லாத வீட்டுக்கு வந்த திருடன் வாசற்படி தடுக்கி விழுந்தால் வீடு பத்திரம் என்றாகிவிடுமா? ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய் பேட்ச் வருகிறது. வந்ததும் பழைய கோப்பையும் புதுக் கோப்பையும் பக்கத்தில் வைத்து, எங்கே மாறியிருக்கிறது என்று தேடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். மாறிய இடம்தான் ஓட்டை. அதே நிரல் 7-லும் இருந்தால் உங்களுக்கு மருந்து கிடையாது, ஓட்டை இருக்கும் இடம் மட்டும் ஊருக்கே தெரிந்துவிடும்.

ஆய்வகத்தான்:
நடுவில் வருகிறேன். எங்கள் அளவீட்டுக் கருவியின் மென்பொருள் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். வலை கேபிளைப் பிடுங்கிவிட்டோம். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2010-இல் வெளிவந்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ் யுஎஸ்பியில்தான் வந்தது, கோப்புறையைத் திறந்து ஐகானைப் பார்த்தாலே தொற்றிக்கொண்டது. அதனால் எந்த பென் டிரைவையும் வேறொரு கணினியில் சோதித்த பிறகே செருகுவோம். இரும்பு ஐயா, உங்கள் கணினி இணையத்தில் இருக்கிறதா?

பழைய இரும்பு:
இல்லாமல்? வங்கிக் கணக்கே அதில்தான் பார்க்கிறேன்.

கம்பிவலை:
அதை முதலிலேயே சொல்லக்கூடாதா! எந்த பிரவுசர்?

பழைய இரும்பு:
குரோம். 109 என்று காட்டுகிறது.

கம்பிவலை:
2023 ஜனவரியில் வந்தது. 7-க்குக் கடைசி குரோம் அதுதான். வங்கி வேலையை இன்றே அதிலிருந்து எடுத்துவிடுங்கள். அதே கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் போடலாம், டிபிஎம் எல்லாம் கேட்காது.

பழைய இரும்பு:
விண்டோஸ் 11 மட்டும் வாங்க மாட்டேன், அதில் மாற்றமில்லை. சரி, லினக்ஸில் என் பழைய ஸ்கேனர் ஓடுமா?

கம்பிவலை:
மாடல் எண்ணைப் போடுங்கள், பார்ப்போம்.