கடலைப் புண்ணாக்கில் புரதம் பிரித்தால் திரளவே மாட்டேன் என்கிறது, எங்கே கோளாறு?

சிப்புட்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தம்பி ஜிம்முக்குப் போகிறான். அவனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, பாலிலிருந்து எடுக்கிற வேய் புரதப் பவுடர் குடித்தால் வயிறு உப்பிக்கொள்கிறது. அந்த டின் விற்கிற விலைக்கு வாங்கிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் செக்கு வைத்துக் கடலையெண்ணெய் ஆட்டுகிறார். புண்ணாக்கை மாட்டுக்காரர்கள் மூட்டையாக எடுத்துப் போகிறார்கள். அதிலிருந்து புரதத்தை மட்டும் பிரிக்கலாம் என்று படித்துவிட்டு இறங்கினேன்.

புண்ணாக்கைப் பொடித்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் ஊற்றி, ஆப்ப சோடா போட்டு ஒரு மணி நேரம் கலக்கினேன். துணியில் வடிகட்டிய தண்ணீரில் வினிகர் ஊற்றினேன். நுரை பொங்கியதோடு சரி. அடியில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் சகதி, மேலே எண்ணெய் ஆடை, வாயில் வைத்தால் கசப்பு. வீடியோவில் காட்டுகிற வெள்ளைக் கட்டி வரவே இல்லை. பிஎச் (புளிப்பு, கார அளவு) பார்க்க மீன் தொட்டிக்கு வாங்கிய காகிதம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஈப்போ லேப்:
முறை சரியான முறைதான் தம்பி. கடலைப் புரதம் காரத் தண்ணீரில் கரையும், பிஎச் 4.5 பக்கம் வந்தால் கரையாது. அந்த இடத்தில் புரதத் துகள்களின் மின்னேற்றம் சமமாகிவிடுவதால் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளாமல் கூடிக் கட்டியாகும். எலுமிச்சை பிழிந்து பாலைத் திரிப்பதும் இதே கணக்குதான்.

உங்கள் காகிதம் அநேகமாக 6க்குக் கீழே காட்டாது. அப்படியென்றால் 4.5ஐத் தொட்டீர்களா என்று உங்களுக்கே தெரிந்திருக்காது. ஆப்ப சோடா வேறு வினிகரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அது தீர்ந்த பிறகுதான் பிஎச் இறங்கும். நுரை பொங்குவது நின்றது என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை, அதற்கு மேலும் ஊற்ற வேண்டும். சோடாவுக்குப் பதில் சீனக் கடையில் மீ நூடுல்ஸ், குவே பலகாரம் செய்ய விற்கும் ஆயர் அபு என்ற காரத் தண்ணீர் சில சொட்டு போதும், பிஎச் 9ஐத் தாண்ட விடாதீர்கள். புளிப்புக்கு பேக்கரி சாமான் கடையில் சிட்ரிக் அமிலம் வாங்கிக்கொள்ளுங்கள். 3 முதல் 7 வரை காட்டும் காகிதமோ மலிவான மீட்டரோ அவசியம்.

ஆனால் என் சந்தேகம் வேறு. செக்குக்காரர் கடலையை வறுத்து ஆட்டுகிறாரா, பச்சையாகவா? சிவப்புத் தோல் எடுத்ததா? இதைக் கேட்டுச் சொல்லுங்கள்.

தைப்பிங் அக்கா:
சீனக் கடைக்கு எதற்குத் தம்பி ஓட வேண்டும்? வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த தண்ணீரை எடுத்துக்கொள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஈப்போ லேப்:
பூசணிக்காய் அல்வாவுக்கு நல்லது அக்கா, இதற்கு வேண்டாம். சுண்ணாம்புத் தெளிநீரின் பிஎச் 12க்கு மேலே போகும். அவ்வளவு காரத்தில் புரதமே மாறிப்போகும், லைசின் என்ற சத்து வீணாகும். அதிலுள்ள கால்சியம் கரைந்த புரதத்தைப் பிடித்து, வடிகட்டும் முன்பே சக்கையோடு உட்கார வைத்துவிடும்.

சிப்புட்வாசி:
கேட்டுவிட்டேன் அண்ணே. வாசம் வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்பதால் இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்துத்தான் ஆட்டுகிறாராம். தோல் எடுப்பதில்லை. புண்ணாக்கு மூட்டை கொட்டகையில் கிடக்கிறது, நான் எடுத்தது எந்த மாதத்து மூட்டை என்று அவருக்கே ஞாபகமில்லை.

ஈப்போ லேப்:
பாதி விடை இதிலேயே இருக்கிறது. நன்றாக வறுத்தால் புரதம் சுருண்டு இறுகிவிடும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் முழுதாகக் கரையாது. கரையாததை எந்தப் புளிப்பும் திரட்டாது, அது துணியில் சக்கையாகவே நிற்கும். சாம்பல் நிறமும் கசப்பும் பெரும்பாலும் தோலின் வேலை. அதிலுள்ள துவர்ப்புப் பொருள் காரத்தில் கறுக்கும். எண்ணெய் ஆடைக்குக் காரணம் புண்ணாக்கில் மிஞ்சிய எண்ணெய். செக்கு எல்லா எண்ணெயையும் எடுக்காது, மிச்சத்தைப் புரதம் தண்ணீரோடு கலந்து பிடித்துக்கொள்ளும். ஓரிரவு குளிர்பெட்டியில் வைத்து மேலே ஏடாக நிற்பதை அள்ளிவிட்டுப் பிறகு புளிப்பு ஊற்றலாம்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சோதனை. கடையில் பச்சைக் கடலை வாங்கி, ஊறவைத்துத் தோலை நீக்கி, மிக்சியில் அரையுங்கள். இதே முறையில் ஒரு கிண்ணம் செய்து, பக்கத்திலேயே புண்ணாக்கிலும் ஒரு கிண்ணம். பச்சைக் கடலை திரண்டு புண்ணாக்கு திரளவில்லை என்றால் கை மீது குற்றமில்லை.

எது வந்தாலும் அந்த மூட்டையை மட்டும் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் வரும், கல்லீரலைக் கெடுக்கும் விஷம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்து, பிரேசில் கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று தேடிப் போனபோதுதான் உலகத்துக்கே இது தெரிந்தது. நம் பேராக்கிலேயே 1988இல் லோ ஷி ஃபன் என்ற அரிசி நூடுல்ஸ் சாப்பிட்ட 13 பிள்ளைகள் இறந்தார்கள், அதிலும் இந்த விஷம்தான் பிடிபட்டது. கண்ணுக்குத் தெரியாது, மணம் காட்டிக் கொடுக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. புரதத்தைப் பிரிக்கும்போது நல்ல பங்கு புரதத்தோடேயே வந்துவிடும். பச்சைக் கடலைக்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். நம் ஈரக்காற்றில் கொட்டகையில் கிடந்த மூட்டை அந்த வரம்புக்குள் இருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

கிள்ளான் பாட்டாளி:
எனக்கு ஒன்று புரியவில்லை. எதற்குப் பிரிக்க வேண்டும்? நல்ல கடலையை ஆட்டிய புதுப் புண்ணாக்கில் கிட்டத்தட்ட பாதி புரதம்தானே. மைசூரில் உள்ள சிஎஃப்டிஆர்ஐ என்ற உணவு ஆராய்ச்சி நிலையத்தில் அந்தக் காலத்திலேயே எண்ணெய் நீக்கிய கடலை மாவு 75, கடலைப்பருப்பு மாவு 25 என்று கலந்து பல்நோக்கு உணவு செய்தார்கள். பிரித்த கடலைப் புரதத்தைப் பாலோடு சேர்த்து ‘மில்டோன்’ என்றும் கொண்டுவந்தார்கள். அவர்களிடம் மெஷின் இருந்தது. வீட்டில் துணியும் வாளியும் வைத்துக்கொண்டு பிரித்தால் பாதிப் புரதம் சக்கையோடு போய்விடும். என்னைக் கேட்டால், நல்ல கடலை கொடுத்து, வறுக்காமல் ஆட்டச் சொல்லி, அன்றே புண்ணாக்கை வாங்கி, அரைத்துச் சப்பாத்தி மாவில் பத்தில் ஒரு பங்கு கலந்துவிடுவேன்.

தைப்பிங் அக்கா:
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். எங்கள் வீட்டில் சுத்தமான எள்ளுப் புண்ணாக்கை வெல்லத்தோடு இடித்துத் தின்று வளர்ந்தோம். யாரும் பிஎச் பார்க்கவில்லை.

சிப்புட்வாசி:
இரண்டு கிண்ணமும் செய்து பார்த்தேன். பச்சைக் கடலை அருமையாகத் திரண்டது, கரண்டியில் அள்ளலாம். புண்ணாக்குக் கிண்ணத்தில் அதே பழைய சகதி. திரண்டதை எப்படிப் பவுடராக்குவது? மின்விசிறிக் காற்றில் காயவைத்தால் மறுநாள் புளித்த வாடை வருகிறது.

ஈப்போ லேப்:
மின்விசிறியை மறந்துவிடுங்கள். இந்த ஊர் ஈரத்தில் காய்வதற்குள் கெட்டுவிடும். துணியில் கட்டிப் பிழிந்து, சுத்தத் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள், புளிப்பும் உப்பும் போகும். ஓவன் அடுப்பில் 60 டிகிரியில் மெல்லிய தகடாகப் பரப்பினால் காயும். முழுக் கடலையில் செய்ததால் எண்ணெயும் சேர்ந்தே திரண்டிருக்கும். பவுடராகாது, டோஃபு போலத்தான் நிற்கும். அப்படியே மிளகாய்ச் சம்பாலில் போட்டு அன்றே தின்று தீர்ப்பது என் யோசனை. பவுடர்தான் வேண்டுமென்றால் கிள்ளான் அண்ணன் சொன்னபடி வறுக்காத புதுப் புண்ணாக்கில் ஆரம்பியுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களில் கடலை ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாகான் டத்தோ:
இடையில் ஒரு கேள்வி. மில்லில் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது. எங்கள் பழைய தோட்டத்தில் ரப்பர் கொட்டையும் கொட்டிக் கிடக்கிறது, ஆமணக்குப் புண்ணாக்கு உரக்கடையிலேயே இருக்கிறது. இதே முறை அவற்றுக்கும் ஆகுமா?

ஈப்போ லேப்:
செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கில் புரதம் 14 முதல் 18 சதவீதம்தான், மற்றதில் பெரும்பகுதி நாரும் ஓட்டுத் தூளும். மாடு தின்னட்டும். ரப்பர் கொட்டையில் சயனைடு வெளிவிடும் பொருள் இருக்கிறது. பகாங்கில் அதை வேகவைத்து, ஊறவைத்து, புளிக்கவிட்டுத்தான் ஆசாம் ரோங் என்ற சமையல் பொருள் செய்கிறார்கள், பழகாத கைக்கு அந்த வேலை வேண்டாம். ஆமணக்கு ரோஜாச் செடிக்கு மட்டும். அதிலுள்ள ரிசின் என்ற விஷமே ஒரு புரதம், தண்ணீரில் கரையும். நாம் இங்கே பேசிய முறையில் அதைத்தான் முதலில் பிரித்தெடுப்பீர்கள்.