பூண்டு வாசனையைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லலாம்? உதவி வேண்டும்

வணக்கம். மொரீசியஸில் 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கான தமிழ் வகுப்பில் அல்லிசின் பற்றி ஒரு பாடம் வைக்கிறோம். நசுக்கிய பூண்டின் காரமான வாசனைக்குக் காரணமான கந்தகச் சேர்மம் அது, 1944இல் பிரித்தெடுத்தார்கள். வீட்டில் 'லாய்' என்று கிரியோலில் சொல்லும் பிள்ளைகளுக்குப் பூண்டு என்ற சொல்லும் சேர்ந்து பதியும்.

முழுப் பல்லில் அல்லிசின் கிட்டத்தட்ட இல்லை. அல்லிசினுக்கு மூலப்பொருளான அல்லீன் பல்லுக்குள் ஓர் அறையிலும், அல்லினேஸ் என்ற நொதி (வேதிமாற்றத்தைத் தூண்டும் புரதம்) இன்னோர் அறையிலும் இருக்கின்றன. நசுக்கினால் சுவர் உடைந்து இரண்டும் கலக்கும், சில நொடிகளில் வாசனை கிளம்பும்.

மூடியுள்ள மூன்று சிறு போத்தல்கள் போதும். முதலாவதில் உரித்த முழுப் பல், இரண்டாவதில் நசுக்கியது, மூன்றாவதில் தோலோடு 10 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியபின் உரித்து நசுக்கியது. மூன்றாவதில் காரநெடி மிகக் குறைவாக இருக்கும், ஏனென்றால் சூட்டில் நொதி செயலிழந்துவிடுகிறது. பலரும் தவறுவது இங்கேதான்: முதலில் நறுக்கிவிட்டுக் கொதிக்கவைத்தால் அல்லிசின் அதற்குள் உருவாகிவிடும், வேறுபாடு மங்கிப்போகும். உரிக்கும்போது பல்லில் கீறல் விழுந்தாலும் முதல் போத்தல் மணக்கும்.

நசுக்குவது பெரியவர்கள் வேலை. பச்சைப் பூண்டுச் சாறு தோலில் தங்கினால் புண்ணாகும், கண்ணில் பட்டால் எரியும்.

எங்களுக்குத் தேவை இதுதான்: 'நொதி'க்கு ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரியும் தமிழ்ச் சொல் என்ன? 'கத்தரிக்கோல்' என்று யோசித்தோம், ஏனென்றால் அது அல்லீனை வெட்டுகிறது. ஆனால் வெட்டிய துண்டுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்துதான் அல்லிசின் ஆகிறது. அந்தப் பாதி விடுபட்டுப்போகிறது. வெட்டுவதையும் சேர்வதையும் ஒன்றாகக் காட்டும் உவமையோ கைவிளையாட்டோ தெரிந்தால் எழுதுங்கள்.